எண்ணெய் தூக்கும், இரும்பு தாங்கும்

நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. தரையில் குந்தி உட்கார்ந்து புல்லட்டுக்குச் செயின் இறுக்குவது இனி நடக்காது. டெல்லி வீட்டின் கார் ஷெட்டுக்கு, மெக்கானிக்குகள் 'ராம்ப்' என்று சொல்லும் தூக்கு மேஜை ஒன்றை வாங்கினேன்.

கடைக்காரர் உயரத்தைப் பற்றியே பேசினார். நான் தாங்கும் எடையைக் கேட்டேன். இப்போதைய புல்லட் 350 சுமார் 195 கிலோ. இறுகிய நட்டை ஸ்பானரால் உலுக்கும்போது எடையோடு ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். அதனால் 450 கிலோ தாங்கும் மேஜையாக எடுத்தேன்.

வண்டியை ஏற்றி, முன்சக்கரத்தைக் கவ்வியில் இறுக்கி, இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்டிய பிறகே பெடலை மிதிக்க வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் மேஜை எழும்பும். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் அதே மேஜை இறங்கும், அடியில் விரல் இருந்தாலும். எனவே உயர்த்தியதும் பூட்டுக் கம்பியைச் செருகி, அதன்மேல் மேஜையை உட்காரவைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் 'தூக்கும்' என்பதற்குப் பதில் 'தாங்கும்' என்று எழுதினால் ஆசிரியர் திருத்திவிடுவார். ஷெட்டில் திருத்த ஆளில்லை. என் மகன் ஸ்பானரோடு வரும்போது, வண்டியைத் தொடும் முன் கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.