தங்கும் ஊருக்கே வரி

அயல்நாட்டுப் பயணம் ஒரு காலத்தில் செல்வர்க்கும் உயர்கல்வி நாடியோர்க்கும் மட்டுமே வாய்த்த பேறாக இருந்தது. இன்று அது நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் வாழ்விலும் இயல்பாகக் கலந்துவிட்டது. மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில், பேரக்குழந்தை மெல்போர்னில் என்று குடும்பங்கள் கிளைத்துப் பரவிய பின்னர், கசார்வாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளியும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார். போகும்போது பெட்டிக்குள் புளிக்காய்ச்சலும் முறுக்கும் போகின்றன; வரும்போது கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் வருகின்றன. அவற்றோடு கூடவே வந்திருக்க வேண்டிய ஒன்றை நம்மவர் பலர் அங்கேயே விட்டுவிட்டு வருகின்றனர். அதுதான், அப்பொருள்களின் விலையோடு சேர்த்துச் செலுத்திய விற்பனை வரி.

இவ்வரியைத் திருப்பித் தருவது, விருந்தினர்க்கு அந்நாட்டவர் காட்டும் சலுகை என்றே பலரும் எண்ணுகின்றனர். சற்று ஆழ்ந்து நோக்கின், அதன் அடியில் ஒரு நீதி இருப்பது புலனாகும். 1954ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் மோரிசு லோரே என்னும் வரித்துறை அதிகாரியின் முயற்சியால் உருப்பெற்ற மதிப்புக் கூட்டு வரி, நுகர்வோன் தலையில் வந்து இறங்கும் வரியாகும். பொருள் எந்த நாட்டில் நுகரப்படுகிறதோ அந்த நாட்டுக்கே அவ்வரி உரியது. கப்பலில் ஏறி அயல்நாடு செல்லும் ஏற்றுமதிச் சரக்குக்கு அது பொருந்தாது. அவ்வாறாயின், ஒரு பொருளை வாங்கித் தன் பெட்டியில் வைத்து வெளிநாடு கொண்டுசெல்லும் பயணியும் ஒரு சிறிய ஏற்றுமதியாளரே அல்லரோ? அவரிடம் பெற்ற வரியைத் திருப்பித் தருதல் முறைதானே?

சுங்கம் என்பது தமிழர்க்குப் புதியதன்று. புகார்த் துறைமுகத்தில், கடலிலிருந்து கரைக்கு இறங்கிய பண்டங்களுக்கும் கரையிலிருந்து கடலுக்குச் சென்ற பண்டங்களுக்கும் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு நினைவுகூர்கிறது. பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே செல்கிறது என்று கேட்பது அன்றும் அரசின் வேலையாகவே இருந்தது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. தாபோடிக்கும் பிம்பிரிக்கும் நடுவே உள்ள நம் கசார்வாடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்க்கு ‘ஜகாத்’ என்ற சொல் மறந்திருக்காது. நகர எல்லைக்குள் நுழையும் சரக்கின்மீது மாநகராட்சி விதித்த நுழைவு வரி அது. போசரித் தொழிற்பேட்டையின் பண்டகசாலை ஒன்றில் நான் பணியாற்றிய நாட்களில், ஜகாத் நாகாவில் வரிசை கட்டி நின்ற லாரிகளின் தாள்களைச் சரிபார்ப்பது என் அலுவல்களுள் ஒன்று. உள்ளே வந்த சரக்கு இங்கே பயன்படாமல் எல்லை கடந்து வெளியே போகுமானால், உரிய சான்றுகளைக் காட்டி அவ்வரியைத் திரும்பப் பெறவும் வழி இருந்தது. 2013 ஏப்ரலில் ஜகாத் முறை இந்நகரில் முடிவுக்கு வந்தது. ஆயினும் அது கற்பித்த பாடம் என் மனத்தில் நின்றுவிட்டது. தங்கும் சரக்குக்கு வரி உண்டு; கடந்து செல்லும் சரக்குக்கு இல்லை என்பதே அப்பாடம்.

அப்பாடத்தை மீண்டும் படிக்கும் வாய்ப்பு, 2024ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனைக் காணச் சென்றபோது கிட்டியது. அந்நாட்டில் பொருள் சேவை வரி 1994ஆம் ஆண்டு நூற்றுக்கு 3 என்று தொடங்கிப் படிப்படியாக வளர்ந்து, 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 9 ஆக உயர்ந்தது. சுற்றுப்பயணியாக வந்தவர், திட்டத்தில் சேர்ந்த ஒரு கடையில் வரி உட்பட 100 வெள்ளிக்குக் குறையாமல் பொருள் வாங்கி, இரண்டு மாதத்திற்குள் விமானத்தில் அப்பொருளை வெளியே எடுத்துச் சென்றால் வரியைத் திரும்பக் கேட்கலாம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியதாயின், மூன்று ரசீதுகள் வரை சேர்த்து அந்த 100 வெள்ளியை எட்டவும் இடமுண்டு. வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். உண்டு கழித்த உணவுக்கும் தங்கிய விடுதிக்கும் இது பொருந்தாது. அவை அங்கேயே நுகரப்பட்டுவிட்டன அல்லவா?

சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடையொன்றில் எங்கள் சேமிப்புப் பணத்தைக் கொண்டு இரண்டு கைக்கடிகாரங்களும், சோறு வடிக்கும் மின்பாத்திரம் ஒன்றும் வாங்கினோம். மொத்தம் 218 வெள்ளி. அதில் நூற்றுக்கு ஒன்பது என்று கணக்கிட்டு 19 வெள்ளி 62 காசு வரும் என்று என் மனைவி சொன்னாள். வரி விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், 218ஐ 109ஆல் வகுத்து ஒன்பதால் பெருக்க வேண்டும். கிடைப்பது 18 வெள்ளி. அதிலும், இத்திட்டத்தை நடத்தும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே மிச்சத்தைத் தரும். இக்கணக்கை அறியாதார் விமான நிலையத்தில் நின்று, ஏமாற்றப்பட்டோம் என்று வருந்துவர்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு நுட்பம் உண்டு. கையில் எடுத்துச் செல்லும் பொருளாயின், குடிநுழைவுச் சோதனை முடிந்து உள்ளே சென்ற பின்னரும் விண்ணப்பிக்கலாம். பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பும் பொருளாயின், பெட்டியை ஒப்படைக்கும் முன்னரே வெளிக்கூடத்தில் உள்ள இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்துப் பதிய வேண்டும். சில சமயம், சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டுமாறு இயந்திரம் பணிக்கும். எங்களுக்கும் பணித்தது. துணிமணிகளுக்கு நடுவிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை வெளியே எடுத்து அதிகாரியின் முன் வைத்தேன். அவர் ரசீதைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், தலையசைத்தார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

எங்கள் அருகில் தமிழகத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ரசீதுகள் இருந்தன. “நீங்களும் பதியலாமே” என்றேன். “பெட்டியைத் திறந்து அதிகாரிகிட்ட காட்டணுமா? வேண்டாங்க, போனா போகுது” என்று சொல்லிப் பெட்டியை ஒப்படைத்துவிட்டார். அவர் இழந்த தொகை சிறியதே. ஆனால் “போனா போகுது” என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது பெருந்தன்மையன்று, அச்சம். சீருடை அணிந்தவரைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வதும், உரிமையைக் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது என்று எண்ணுவதும் நம் தலைமுறையின் எலும்பில் ஊறிவிட்ட வழக்கம். தனக்கு உரியதைச் சட்டப்படி கேட்டுப் பெறுவதில் தாழ்வு ஏது?

உரியதைக் கேட்பதில் தயக்கம் கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, உரியதல்லாததைக் கேட்கக் கூடாது என்பதும் அவ்வளவு உண்மை. அதையும் அப்பயணத்திலேயே கண்டேன். ஊர் திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு, எங்கள் மகன் தன் தாய்க்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்க விரும்பினான். அந்நாட்டில் பணிபுரிபவன் ஆதலால் அவனுக்கு வரி திரும்பாது. நகைக் கடைக்குப் போகும் வழியில், “அம்மா, உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி உங்கள் பெயரில் பதிந்துகொள்ளலாம். பணம் நான் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போகப்போகிற நகைதானே?” என்றான். அவன் சொன்னதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. நகை உண்மையாகவே இந்தியாவுக்கு வரப்போகிறது. அணியப்போகிறவள் அவன் தாய். ஆயினும், தாமே வாங்காத பொருளுக்குச் சுற்றுப்பயணி வரி கேட்பதை அந்நாட்டுச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது.

சட்டம் படித்தவள் அல்லள் என் மனைவி. சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, “வேண்டாம் தம்பி. நீ இந்த ஊர்ல சம்பாதிச்சு வாங்கித் தர்ற. உனக்குச் சோறு போடற ஊரு இது. வரி இந்த ஊருக்கே போகட்டும். சங்கிலி கொஞ்சம் மெல்லிசா இருந்தாலும் போதும்” என்றாள். மகன் மறுத்துப் பேசவில்லை. மெல்லிய சங்கிலியே வாங்கினான். நான் பண்டகசாலையில் பல ஆண்டுகள் இருந்து அறிந்துகொண்ட பாடத்தை, அவள் ஒரு நொடியில் எனக்கு விளக்கிவிட்டாள். ஒரே வீட்டில் உண்டு உறங்கிய மூவருள், அவன் அவ்வூரில் தங்குபவன்; நாங்கள் கடந்து செல்பவர்கள். பெற்ற மகன் வேறோர் ஊருக்கு உரியவனாகிவிட்டான் என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்த உணர்வில் சிறிது வலியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

நாட்டுக்கு நாடு இம்முறை வேறுபடுவதை அன்பர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். ஐக்கிய அரபு நாடுகளில் வரி நூற்றுக்கு 5. 2018 நவம்பரில் அங்கே தொடங்கிய திட்டம் 250 திர்ஹம் என்பதைக் குறைந்த அளவாகக் கொண்டு, வரியில் நூற்றுக்கு 85 பங்கைத் திருப்பித் தந்து, ஒவ்வொரு பதிவுக்கும் 4.80 திர்ஹம் கழித்துக்கொள்ளுமாறு அமைந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரே விற்பனையாளரிடம் 300 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, 60 நாளுக்குள் வெளியேற வேண்டும். அங்கே குடியிருப்பவரும்கூடப் பொருளை வெளியே கொண்டுசென்றால் கேட்கலாம் என்பது வியப்புக்குரியது. இலண்டன் செல்வோர் மட்டும் ஏமாறாதிருத்தல் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் கடைவழி வரி திருப்பும் முறை நீக்கப்பட்டது. கனடா 2007ஆம் ஆண்டிலேயே அதைக் கைவிட்டது. இன்னொன்றும் கூற வேண்டும். அங்கே வரி திரும்பியதனால் இங்கே சுங்கத் தீர்வை தள்ளுபடியாகிவிடாது. நம் நாட்டுப் பயணப் பொதி விதிகள் அனுமதிக்கும் அளவைப் புறப்படும் முன்னரே அறிந்துகொள்வது அறிவுடைமை. அவ்வளவு காலந்தோறும் மாறக்கூடியது.

நம் நாட்டின் நிலை என்ன? சென்ற முறை மலேசியாவிலிருந்து வந்திருந்த என் தமக்கை மகள், புனே லட்சுமி சாலையில் பைத்தானிச் சேலை இரண்டு எடுத்தாள். ரசீதை மடித்துக்கொண்டே, “மாமா, வரியை எந்த விமான நிலையத்தில் திருப்பிக் கொடுப்பார்கள்?” என்று கேட்டாள். 2015 முதல் 2018 வரை பொருள் சேவை வரி இருந்த காலத்தில் அவள் நாட்டிலும் அம்முறை இருந்தது; வரி நீங்கியபோது அதுவும் நீங்கியது. நமது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017, தன் 15ஆம் பிரிவில் இவ்வுரிமையைத் தெளிவாகவே கூறுகிறது. ஆறு மாதத்திற்கு மேற்படாது தங்க வரும் வெளிநாட்டுப் பயணி, தாம் எடுத்துச் செல்லும் பொருளுக்குரிய வரியைத் திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். ஆனால் 2017 ஜூலை 1 அன்று அச்சட்டத்தின் பிற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு விடுபட்டது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் ஏட்டளவிலேயே நின்றது. அவள் ரசீதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி மாமா, இது தாத்தா நாட்டுக்கு நான் கொடுத்ததாக இருக்கட்டும்” என்று சிரித்தாள். அன்பினால் அவள் அவ்வாறு சொல்லலாம். அதைச் சாக்காகக் கொண்டு ஒரு நாடு தன் சட்டத்தில் எழுதிய வாக்கை நிறைவேற்றாதிருத்தல் ஆகாது. நாம் பிற நாடுகளில் கேட்டுப் பெறும் நீதியை, நம் வாயிலுக்கு வரும் உறவினரும் விருந்தினரும் பெறுமாறு செய்வதே முறை.

தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து இம்மண்ணில் வேரூன்றியவர்கள் நாம். கசார்வாடியில் வீட்டு வரி கட்டுகிறோம். 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் ஏறிச் செல்கிறோம். இவ்வூர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். தங்கும் ஊருக்கு உரியதை முணுமுணுக்காமல் செலுத்துவதும், கடந்து செல்லும் ஊரில் நமக்கு உரியதை அஞ்சாமல் கேட்டுப் பெறுவதும் ஒரே நெறியின் பாற்பட்டவை. நம் சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரும் பெரியோரும் வெளிநாடு புறப்படும்போது, செல்லும் நாட்டின் விதிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்கள் கடவுச்சீட்டினுள் வைத்தனுப்புங்கள். எவ்வளவு வாங்கினால் வரி திரும்பும், எந்த இடத்தில் காட்ட வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்னும் மூன்றும் அதில் இருந்தால் போதும். “போனா போகுது” என்று சொல்ல அவர்களுக்கு நேராது.