பாரசீகப் பூவும் ஆண்டாள் கிளியும்

ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. ஒன்று கடிக்கும், இன்னொன்று கரையும். ஆனால், இந்தத் தடவை நான் பஸ் ஏறியது இரண்டுக்காகவும் இல்லை... ஒரு சுவருக்காக!

ராஜபாளையத்தில் நண்பரின் தாத்தா கட்டிய வீட்டை இடிக்கிறார்கள். திண்ணைச் சுவரில் ஆறங்குல டைல்ஸ் வரிசை. ஒவ்வொன்றிலும் பச்சை இலை, ரோஸ் கலர் பூ. தடவினால் இதழ் விரலில் தட்டுகிறது. வயசு தொண்ணூறு இருக்கும். பளபளப்போ நேற்று வாங்கின மாதிரி!

''ஆத்தங்குடிக் கல்லா இருக்குமோ?'' என்றார் நண்பர்.

''இல்ல அண்ணாச்சி. அது சிமென்ட்டு, சூளையையே பார்க்காது. இது சுட்டது'' என்றார் மேஸ்திரி. பெயர்ந்து விழுந்த ஒன்றைத் திருப்பினோம். முதுகில் 'மேட் இன் ஜப்பான்'!

ஆனால், பூவின் பூர்வீகம் ஜப்பான் இல்லை, பாரசீகம். இன்றைய ஈரானில் காஷான் என்று ஒரு ஊர். சுட்ட ஓட்டில் பூ எழுதி, கண்ணாடி போல் உருகும் பூச்சு பூசி, சூளையில் வைப்பதில் எண்ணூறு வருஷம் முன்பே அவர்கள் கில்லாடிகள். கோபால்ட் போட்டால் நீலம், தாமிரம் போட்டால் பச்சை. ஊர்ப் பேரை வைத்தே டைல்ஸுக்கு 'காஷி' என்று பெயர். (நம்ம காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஈரானிலிருந்து வந்து பாமினி மந்திரியான மகமூது கவான், பீதரில் 1472-ல் கட்டிய மதரஸாவில் அந்த டைல்ஸ் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், மேற்காசியாவின் இந்த வித்தை ஸ்பெயின், இத்தாலி, இங்கிலாந்து என்று ஊர் சுற்றியது. இங்கிலாந்து டைல்ஸைப் பார்த்து ஜப்பான்காரர்கள் மெஷினில் அழுத்தி மலிவாகச் செய்தார்கள். 1920, 30-களில் கப்பல் கப்பலாக இந்தியா வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் பார்க்கலாம்.

என் பி.காம். புத்தி கணக்குப் போட்டது. வீட்டுக்குத் தேய்மானம் எழுதியாச்சு; மதிப்பு பூஜ்யம். பூவோ ஒரு பைசா தேயவில்லை. ஆனாலும், மத்தியானத்துக்குள் பாதிச் சுவர் குப்பை லாரியில்! மேஸ்திரி காரையை உளியால் கொத்தி முழுசாக எடுத்துக் கொடுத்தது பதினாலே பதினாலு.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் இடக்கையில் கிளி. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்பு. ஆயுசு ஒரே நாள். மறுநாள் புதுசாக இன்னொன்று கட்டுகிறார்கள். தினமும் கட்ட ஆள் இருப்பதால், வாடுகிற கிளி வாடாமல் இருக்கிறது. சூளையில் வெந்து சாகாவரம் வாங்கி வந்த பூவுக்கோ, 'வேணும்' என்று சொல்ல ஆள் இல்லை.

உங்கள் தாத்தா வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு பூ இருக்கலாம். ஹவுஸிங் லோன் சாங்ஷன் ஆன சந்தோஷத்தில் மறந்துவிடாதீர்கள். கடப்பாரைக்காரர் வருவதற்கு முதல் நாளே உளிக்காரரைக் கூப்பிடுங்கள். புது வீட்டு மாடிப்படியில் நாலு பூவுக்கு இடம் இருக்காதா என்ன?