உப்புக் கிணறும் உத்தியோகப் படிப்பும்

ஆம்பூரில் நமக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதியே முப்பது வருஷம் கழித்தவர். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "பையன் பி.எஸ்ஸி. தேறிவிட்டான். கலெக்டர் பரீட்சைக்குப் படியடா என்றால், பொதுக் கொள்கை என்று ஏதோ எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறான். இரண்டு வருஷத்தில் கையிருப்பெல்லாம் கரைந்துவிடும். தாங்கள் வந்து அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

புத்தி சொல்வதென்றால் நமக்கு எப்பொழுதுமே உற்சாகந்தான். செலவில்லாமல் செய்யக்கூடிய தானம் அது ஒன்றுதானே? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறினோம்.

வீட்டை அடைந்ததும் கால் கழுவக் கொல்லைப்புறம் சென்றோம். கிணற்று நீரில் வாய் கொப்புளித்தபோது உப்புக் கரித்தது. "அது கை கால் கழுவ மட்டுந்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அதில்தான் பருப்பு வேகும். இப்பொழுது குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம்" என்றார் நண்பரின் மனைவியார்.

பையனை அழைத்து, "தம்பி, ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதுமே? எதற்கு வீண் செலவு?" என்று ஆரம்பித்தோம்.

"போதும், மாமா. பரீட்சை நாற்காலியில் உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு நம் கிணற்றை என்ன செய்வதென்று அது சொல்லிக் கொடுக்குமா?" என்றான்.

நாம் தயாரித்துச் சென்ற பிரசங்கம் அங்கேயே நின்றுவிட்டது. பாலாற்றின் கதை நமக்குத் தெரியாததன்று. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழாயிற்று என்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் நீதிபதிகள் கூறினார்கள். ஆயினும், நஷ்ட ஈட்டை முழுமையாகக் கொடுத்துத் தீர்க்கும்படி 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. நடுவே கழிந்தவை 28 வருஷங்கள்!

காரணம் என்ன? பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவுவது சாதாரண உப்பு. ஊற வைக்கும்போது அது தண்ணீரில் கலந்துவிடுகிறது. குரோமியத்தையாவது வேதிப் பொருள் சேர்த்துப் படிய வைக்கலாம். உப்பு அப்படிப் படியாது. சவ்வு வழியாக நீரை அழுத்தி வடித்து, மிச்சத்தைக் காய்ச்ச வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு. பின்னும் மிஞ்சுகிற கலப்பு உப்பை எங்கே கொட்டுவது? செலவைப் பெரிய முதலாளியும் சிறிய முதலாளியும் எந்த விகிதத்தில் ஏற்பது? 2019-ல் வேலூர் ஜில்லா பிரிந்தபின், இப்பிரதேசத்தில் ஆறு ஒன்று, கலெக்டர் அலுவலகம் மூன்று: ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர். யார் யாரைக் கேட்பது?

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் நண்பரின் சம்பளமும் அவர் கிணற்றின் உப்பும் ஒரே தொழிலிலிருந்து வந்தவை. ஆலைகளை மூடினால் அடுப்பு எரியாது. மூடாவிட்டால் அடுப்பில் வைக்க நல்ல நீரில்லை. பொருளாதாரம், சட்டம், புள்ளி விவரம், நிர்வாகம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து இத்தகைய சிக்கலை அவிழ்க்கப் பழக்குவதே பொதுக் கொள்கைப் படிப்பு.

இது புதிய எண்ணமுமன்று. கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் நம் பாஷைகளைக் கற்பதற்காக 1812-லேயே எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னைக் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. அந்நியர் ஆளுவதற்கே அவ்வளவு படிப்பு வேண்டியிருந்தது என்றால், நம்மவர் நம் ஜனங்களுக்கு ஊழியம் செய்ய அதைவிடக் குறைவாகவா வேண்டும்?

இப்பட்டம் உத்தியோகத்திற்குச் சீட்டு அன்று என்பதையும் பையனிடம் சொன்னோம். யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைகளை இதைக் காட்டித் தாண்ட முடியாது. உத்தியோகத்தில் அமர்ந்தபின் படிக்கவும் வழியுண்டு, பெங்களூர் ஐ.ஐ.எம். 2002 முதல் இத்துறையில் பாடம் நடத்தியது. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில், இளைஞர்கள் அரசுத் துறைகளில் வேலை செய்துகொண்டே இதைக் கற்றார்கள். "அதற்கும் மனுப் போடு" என்றோம். "போட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்" என்று சிரித்தான்.

புறப்படும்போது நண்பர் வாசல்வரை வந்து, "என்ன சொன்னீர்கள்?" என்று ஆவலோடு கேட்டார்.

"படிக்கட்டும் என்றோம்."

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது வருஷம் வரவும் செலவும் எழுதினேன். இந்தக் கிணற்றை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அவனாவது எழுதட்டும்" என்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஸர்க்கார் உத்தியோகத்திற்குப் போக வேண்டுமென்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. என்ன உத்தியோகம் என்று கேட்பதோடு, எந்தக் கிணற்றுக்காக என்றும் ஒரு முறை கேட்டுப் பார்ப்போமாக.