பிடி அரிசிப் பானை

எங்கள் வீட்டில் உலை வைக்குமுன் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அங்கிருந்து ஏழை வீடுகளுக்குப் போகும். ஒரு பிடியில் யாருடைய வயிறு நிறையும் என்று அம்மாவிடமே நான் கேட்டதுண்டு.

சென்ற கோடை விடுமுறையை மண்டைக்காட்டுக்கு அருகே, கடற்கரையில் உள்ள பாட்டியின் ஊரில் கழித்தேன். அங்குள்ள ஆலயம் மிகச் சிறியது. குருசடியாக இருந்து வளர்ந்ததாம். பங்குத்தந்தை ஞாயிறு மாலை மட்டும் வந்து திருப்பலி நிறைவேற்றுவார். மற்ற நாட்களில் மணியடிப்பதும் செபமாலை சொல்வதும் உபதேசியாரின் பொறுப்பு. பிடி அரிசி சேர்ப்பது இளம்பெண்களின் வேலை. நானும் சாக்குப் பையுடன் கிளம்பினேன். (பக்தியினால் அல்ல, பாட்டி விரட்டினார்கள்!) கடைசி வீடு ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. வாசலில் கோலம், உள்ளே பகவதி அம்மன் படம். அந்த வீட்டு அம்மா ஒரு சின்னப் பானையை அப்படியே என் சாக்கில் கவிழ்த்தார்கள். வியப்போடு வந்து பாட்டியிடம் கேட்டேன்.

1982-இல் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடையின்போது மூண்ட தகராறு இந்து-கிறிஸ்தவக் கலவரமாக மாறியது. மார்ச் 1-ஆம் நாள் போலீசார் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். அதுவரை பாட்டி கடவத்தில் சாளையும் நெத்திலியும் சுமந்து, கடலை விட்டு உள்ளே இருந்த ஊர்களுக்கு நடந்தே போய் விற்றுவந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு போக யாருக்கும் துணிவில்லை. அங்கிருந்தும் ஒருவரும் வரவில்லை. பிடிபட்ட மீன் கரையிலேயே கருவாடாயிற்று. கையில் காசில்லை. ஆலயத் திண்ணையில் அண்டா வைத்து, இருந்த பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சினார்கள். விளம்பியவர் பாட்டி.

ஒருநாள் தோப்புப் பக்கத்திலிருந்து, கயிறு திரித்துப் பிழைக்கும் ஓர் இந்து விதவை தூக்குச்சட்டியுடன் வந்து நின்றார். கடற்கரையில் கயிறு விற்றே வாழ்ந்தவர். பாட்டி அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஒங்க ஆளுகளாலதான் நாங்க இப்படிக் கெடக்கோம். இது எங்க அரிசி."

உபதேசியார் சத்தம் போடவில்லை. "பானையில போட்ட பெறவு அது ஆரு அரிசிம்மா?" என்று கேட்டுவிட்டு, தாமே அகப்பையை எடுத்துச் சட்டி நிறைய ஊற்றினார்.

"எனக்கு அவரு மேலயும் கோபம், மக்களே. ரெண்டு நாளு கோயிலுக்கே போகல்ல" என்றார்கள் பாட்டி.

பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். சைவ மடத்தின் தலைவரான தவத்திரு குன்றக்குடி அடிகளாரே கடற்கரை ஊர்களுக்கு வந்து மக்களைச் சந்தித்தார். ஆனாலும் பெரியவர்கள் பேசிய சமாதானம் தோப்பு வாசல்வரை நடந்து வர வேண்டுமே!

பல வாரம் கழித்துப் பாட்டி கடவத்தைத் தூக்கினார்கள். பத்து ஆண்டாக மீன் கொடுத்த வீடுதான். ஆனால் வாசலில் நின்று கூப்பிட நா எழவில்லை. வீட்டு அம்மா தாமே வெளியே வந்தார்.

"ஒங்க கோயில்ல நம்ம கயித்துக்காரிக்குத் தெனமும் கஞ்சி குடுத்தீங்களாமே!"

பாட்டிக்குத் தலை நிமிரவில்லை. 'நான் குடுக்கல்ல' என்று வாய்வரை வந்ததாம்; சொல்லவில்லை. விலையை மட்டும் சொன்னார்கள். அந்த அம்மா கடவத்துக்குள் கைவிட்டு நெத்திலியைக் கிளறி, "இதுக்கா இந்த வெலை?" என்று பழையபடி பேரம் தொடங்கிவிட்டார்.

"அவ பேரம் பேசின பெறவுதான் எனக்கு மூச்சே வந்துது" என்று சிரித்தார்கள் பாட்டி.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது, பாட்டி நனைந்த சேலையோடு ஓடியதும் அந்த வீட்டுக்குத்தான். நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டிலும் ஒரு பிடி அரிசிப் பானை வைத்தார்களாம். என் சாக்கில் அரிசி போட்டது மருமகள்.

கயிறு திரித்த அம்மா இறந்து பல ஆண்டுகளாகின்றன.

"அவகிட்ட மட்டும் நான் ஒண்ணும் சொல்லாமலே இருந்திட்டேன், மக்களே" என்று பாட்டி வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு நான் கொண்டுவந்த அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.