புதன்கிழமைக் கஞ்சியும் வெள்ளி இரவு இடியாப்பமும்

 

அஸர் தொழுது முடித்துத் தொழுகை விரிப்பை மடிக்கும் வேளையில் அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒரே கேள்வி எழுகிறது: “ராவைக்கு என்ன?” மதிய உணவைப் பற்றி இவ்வளவு விசாரணை இருப்பதில்லை. சோறும் ஆணமும் என்று அது தன் போக்கில் நடந்துவிடும். இரவு உணவு அப்படியன்று. ஓதிவிட்டுத் திரும்பும் பிள்ளைகள், கடையை அடைத்துவிட்டு வரும் ஆண்கள், மாத்திரைக்கு முன் ஏதேனும் உண்ண வேண்டிய முதியவர்கள் என எல்லோரும் இஷாவுக்குப் பிந்திய அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒன்றுகூடுகிறார்கள். அன்றைய நாளின் சோர்வும் கோபமும் பசியும் அவர்களுடன் சேர்ந்தே வந்து அமர்கின்றன.

எங்கள் ஊரில் பெண்மக்கள் மணமான பின்னும் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அந்த வழக்கப்படி நாங்கள் சகோதரிகள் இருவரும் உம்மாவுடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் இருவருக்குமாகப் பிள்ளைகள் நால்வர். மூத்தவளின் கணவருக்குச் சென்னையில் வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். இளையவளின் கணவர் 11 ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் பணியாற்றியவர். வீட்டுக்கு ஒரே அடுப்பு, ஒரே அரிசிப் பானை.

அந்த அடுப்பில் பல ஆண்டுகளாக ஏழு இரவு உணவுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. திங்கள் என்றால் கோதுமை ரொட்டியும் பருப்பு ஆணமும். செவ்வாய் தோசை; அதற்குத் தொட்டுக்கொள்ள மதியம் வைத்த மீன் ஆணம். மீன் ஆணம் புளி ஊறி இரவில்தான் உருப்படியான சுவைக்கு வரும் என்பது உம்மாவின் உறுதியான கருத்து. புதன் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். வியாழன் மாலை மஃரிபு பாங்கு சொன்னதும் நமக்கு வெள்ளி இரவு தொடங்கிவிடுகிறது. அன்று இடியாப்பமும் கறி ஆணமும். வெள்ளி மதியம் நெய்ச்சோறு கனமாக முடிந்திருக்கும் என்பதால், அன்றிரவு வெறுஞ்சோறும் புளியாணமும் மாசிச் சம்பலும். சனிக்கிழமை ரவைக் கிச்சடி. ஞாயிறு தக்கடி.

இவற்றில் எதுவும் விருந்தினருக்காக எண்ணியெண்ணிச் சமைப்பதன்று. கை தானாகவே செய்துவிடும் சமையல். புளியாணத்தையே எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்துக் கல்யாண விருந்தில் களறிக் கறிக்கும் கத்தரிக்காய்க்கும் பக்கத்தில் மரியாதையாக அமரும் அதே புளியாணம், வீட்டில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் சேர்த்து, கறிவேப்பிலை தாளித்துக் கொதி வரும் முன் இறக்கிவிட வேண்டியதுதான். ஆணம் என்ற சொல்லே இன்று பெரும்பாலும் நம் வீடுகளில்தான் வாழ்கிறது. மற்றவர்கள் குழம்பு என்பதை நாம் ஆணம் என்கிறோம். தமிழ் அகராதிகளில் உள்ள பழைய சொல் அது.

புதன்கிழமைக் கஞ்சியும் அப்படித்தான். ஒன்றரை டம்ளர் பச்சரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, 12 டம்ளர் தண்ணீர். இவை அனைத்தும் குழைய வெந்தபின் அரை மூடித் தேங்காயின் பாலை ஊற்றி உடனே இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். நோன்புக் கஞ்சியின் எளிய தங்கை என்று இதைச் சொல்லலாம். பட்டையும் கிராம்பும் கொத்துக்கறியும் இதில் இல்லை. ரமளானில் பள்ளிவாசல் அண்டாவிலிருந்து தூக்குச்சட்டியில் வரும் கஞ்சியின் மணத்தை மட்டும் வாரம் ஒருமுறை நினைவூட்டும்.

ஒரே உணவு திரும்பத் திரும்ப வருவதைக் குறித்த சலிப்பு மனிதனுக்குப் புதிதன்று. மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார், மன்னு, ஸல்வா என்ற உணவுகள் சிரமமின்றிக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே உணவைத் தங்களால் பொறுக்க முடியாது என்று முறையிட்டதை அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. அவர்கள் கேட்டவற்றில் பருப்பும் வெங்காயமும் உண்டு. அவை எங்கள் வீட்டில் திங்கட்கிழமைதோறும் கிடைப்பவை! எதற்காக அவர்கள் ஏங்கினார்களோ, அது நம் தட்டில் இருக்கும்போது நாம் வேறொன்றுக்கு ஏங்குகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் நாங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இடம்பெற்றுள்ளது. இந்த ஒரு வழிமுறையைப் பின்பற்றினாலே நம் வீடுகளின் இரவுப் பொழுது பாதி அமைதி பெற்றுவிடும். விரும்பாததைக் கட்டாயமாக உண்ணும்படி இந்த வழிமுறை யாரையும் பணிக்கவில்லை. மூன்று மணி நேரம் புகையிலும் ஆவியிலும் நின்றவரின் மனம் நோகாதிருக்கும்படி அது காக்கிறது.

எங்கள் ஏழு உணவுகளின் உண்மையான மதிப்பை நாங்கள் அறிந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. இளையவளின் கணவர் வேலை செய்த நிறுவனம் முதலில் சம்பளத்தைத் தாமதித்தது; பிறகு பாதி தந்தது; பிறகு ஒன்றும் தரவில்லை. ஐந்து மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியுடன் அவர் ஊர் திரும்பினார். விடுமுறையில் வரும்போது வாசலில் கூடும் கூட்டம் அந்தமுறை இல்லை. எவருக்கும் அவர் அறிவிக்கவும் இல்லை.

வீட்டுச் செலவு மூத்தவளின் கணவர் அனுப்பும் தொகைக்குள் அடங்க வேண்டியதாயிற்று. கறி எடுப்பது வாரம் இரண்டு முறை என்பது ஒருமுறையாகக் குறைந்தது. அப்போதுதான் தக்கடியின் அருமை தெரிந்தது. வறுத்த அரிசி மாவில் தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், மல்லித்தழை, உப்புச் சேர்த்து, சுடச்சுட ஆணத்துத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, கைப்பிடிக்குள் வைத்து அழுத்தி, கொதிக்கும் கறி ஆணத்தில் ஒவ்வொன்றாக இட வேண்டும். அரைக் கிலோ எலும்புக் கறி போதும். கறியின் சாறு முழுவதையும் மாவுப் பிடிகள் உறிஞ்சிக்கொள்வதால் எட்டுப் பேருக்கும் கறி உண்ட நிறைவு கிடைத்துவிடும். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியை எங்கள் பாட்டிமார்கள் ஒரு சமையலாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் வியந்துகொண்டோம்.

ஆனால் பற்றாக்குறை அரிசிப் பானையில் தெரிவதற்கு முன்பே மனிதர்களின் நடத்தையில் தெரியத் தொடங்குகிறது. அவர் இஷா தொழுதுவிட்டு நேரம் கழித்து வரலானார். “வெளியில் டீயும் வடையும் சாப்பிட்டேன், பசியில்லை” என்பார். இரண்டு இடியாப்பத்துடன் எழுந்துவிடுவார். டீக்கடைக்கு அவர் போகவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். சட்டைப் பையில் பணமில்லாதவர் எந்தக் கடைக்குப் போவார்? மனைவியின் தாய்வீட்டில், சம்பாத்தியமின்றி அமர்ந்து உண்பதை அவர் மனம் ஏற்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் இந்த வீட்டின் அரிசியும் பருப்பும் அவர் உழைப்பில் வந்தவை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சொன்னால் அதுவே அவரை மேலும் புண்படுத்தும்.

உம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு வியாழன் மாலை, பரணில் துணி சுற்றி வைத்திருந்த பழைய சஹனை இறக்கி, புளி போட்டுத் துலக்கினார்கள். விசேஷ வீடுகளில் பலர் சுற்றி அமர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டு எங்கள் வீட்டில் தினசரிப் புழக்கத்தில் இருந்ததில்லை. இரவு அவர் வந்ததும் உம்மா, “மாப்பிள்ளை, பிள்ளைகள் தனித்தனித் தட்டில் பாதியை வீணாக்குகிறார்கள். இனி ஒரே சஹனில் வைக்கப்போகிறேன். நீங்கள் நடுவில் அமர்ந்து அவர்களைச் சாப்பிட வைக்க வேண்டும், எனக்கு முடியவில்லை” என்றார்கள். கேட்டது ஓர் உதவி. அவரால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் நால்வரும் அவரும் உம்மாவும் ஒரு சஹனில் அமர்ந்தனர். ஒரே தட்டில் உண்ணும்போது யார் எத்தனை இடியாப்பம் எடுத்தார் என்ற கணக்கு இல்லாமற் போகிறது. முதலில் எழுந்தால் பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள் என்பதால் அவர் கடைசிவரை அமர வேண்டியதாயிற்று. பேசிக்கொண்டே உம்மா கறித்துண்டுகளை அவர் பக்கம் ஒதுக்குவார்கள். அவர் அவற்றைப் பிள்ளைகள் பக்கம் ஒதுக்குவார். கடைக்குட்டி யாரையும் பாராமல் எடுத்து உண்டுவிடுவான்! உண்டும் வயிறு நிரம்பவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயரைக் கூறுங்கள், அதில் பரக்கத் உண்டாகும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூதில் வரும் செய்தியைப் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். பரக்கத் என்பது ஒரு மனிதரின் தலைகுனிவைப் போக்கும் வடிவிலும் வரும் என்பதை அந்த மாதங்களில் கண்டோம்.

சில வாரங்களில் அவர் அடுக்களைக்கும் வந்தார். இடியாப்ப உரலை அழுத்துவது கைவலிக்கும் வேலை, உம்மாவுக்கு மூட்டுவலி. கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவு ஆறிவிட்டால் பிழிய வராது, ஆகையால் வேகமும் வேண்டும். அவர் நின்று பிழிய, நாங்கள் தட்டுகளை எடுத்து ஆவியில் வைப்போம். தெருவில் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுக் கேலி செய்தபோது, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் துணை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்ததை அவரே எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்னொன்றையும் நாங்கள் மறைக்க விரும்பவில்லை. அந்த ஐந்தாறு மாதங்களில் அண்டை வீட்டார் எங்கள் நிலையை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கிண்ணம் மீன் ஆணம் மதில்மேல் இருக்கும். நபியவர்களின் இல்லங்களில் இரண்டு மாதங்கள் அடுப்பே எரியாமல், பேரீச்சையும் தண்ணீருமே உணவாக இருந்ததையும், அன்ஸாரிகளான அண்டை வீட்டார் பால் அனுப்பியதையும் ஆயிஷா (ரலி) நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, அந்த மதில்மேல் இருந்த கிண்ணத்தில் உயிருடன் இருந்தது. கிண்ணத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பியதில்லை. புதன்கிழமை அதில் கஞ்சி போகும்.

இப்போது அவர் ஊரிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். முந்தைய சம்பளத்தில் பாதிதான். நிறுவனம் தர வேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை. உம்மாவுக்குச் சர்க்கரை கூடியதால் வெள்ளி இரவில் அவர்களுக்கு மட்டும் கேழ்வரகு இடியாப்பம், தேங்காய்ப் பாலுக்குப் பதில் பருப்பு ஆணம். மற்றபடி பட்டியல் மாறவில்லை. சஹனும் பரணுக்குத் திரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய ஏழு உணவுகள் இருக்கும். ஒருமுறை அவற்றை எழுதிப் பாருங்கள். எதை யார் விரும்பி உண்கிறார், எதற்கு யாருடைய கை அதிகம் வலிக்கிறது, எந்த நாளில் யார் பசியில்லை என்று சொல்கிறார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைச் சற்றுக் கூடுதலாகவே கவனியுங்கள். பசியில்லை என்பவருக்கு உண்மையிலேயே பசியில்லாதிருக்கலாம். இருந்தாலும் பக்கத்தில் அமரச் சொல்லுங்கள்.

நம் இல்லங்களின் இரவு உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! வேலையிழந்து வீடு திரும்பியவர்களுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தை வழங்குவானாக! நம் உம்மாமார்களின் கைகளுக்கு வலுவையும் உடலுக்கு ஆரோக்கியத்தையும் தருவானாக! ஆமீன்.