கடல் இல்லாத துறையில் ஒரு சிவப்பு லைட்!

எங்க ஊர் பேர் பெருந்துறை. 'துறை'ன்னா படகு வந்து ஒதுங்குற இடம்தானே? நம்பி வந்து கடலைத் தேடினீங்கன்னா, கடலை மிட்டாய் மட்டும்தான் கிடைக்கும்!

இங்கே கடல்னா அது சேலம் - கொச்சி ஹைவேதான். பழைய என்.எச்.47, இப்போ 544. சிப்காட்டுக்குப் போற லாரி, கொப்பரை ஏலத்துக்கு மூட்டை ஏத்திட்டு வர்ற 'குட்டியானை'ன்னு ராத்திரி பகலா அலையடிக்கும்.

அதுல ஒரு குட்டியானை எங்க அப்பாவோடது. போன செமஸ்டர் லீவுல நான்தான் ஓட்டிட்டு வந்தேன். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டினதும் டேஷ்போர்டுல சிவப்பா ஒரு ஆயில் லைட். 'பக்கத்துலதானே வீடு, போய்ப் பார்த்துக்கலாம்'னு பாட்டு சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்துல 'கடகட'ன்னு ஒரு சத்தம்... வண்டி நின்னுபோச்சு. இன்ஜின் சீஸ்!

பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அண்ணன், முன்னாடி நாகப்பட்டினத்துல விசைப்படகு இன்ஜின் பார்த்தவர்.

"ஏங்கண்ணு, இன்ஜினீயரிங்தானே படிக்கிறே?"

"ஆமாங்கண்ணா..."

"லைட்டு எதுக்கு எரியுதுன்னு தெரியாதா?"

அப்புறம் அவர் எடுத்த கிளாஸ் இருக்கே, எங்க லேப்ல கூடக் கிடைக்காதுங்க! லாரியோ படகோ, டீசல் இன்ஜின் ஒண்ணுதான். லாரிக்குப் பேர்போன அசோக் லேலண்ட், படகுக்கும் மரைன் இன்ஜின் செய்யுது. ஆயில் பிரஷர் விழுந்தா, கிராங்க்ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம் போயிடும். இரும்போட இரும்பு உரசும். அதனால ரோட்டுல அந்த லைட்டைப் பார்த்தா உடனே ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணிடணும். பத்து கிலோமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது.

டெம்பரேச்சர் முள் ஏறினா? வண்டியை நிறுத்துங்க. ஆனா ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க. உள்ளே அழுத்தத்துல இருக்கிற தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்தா ஆவியா மூஞ்சியில அடிக்கும்!

படகுல அலாரம் அடிச்சா, முதல்ல வேகத்தைக் குறைச்சு, வெளியே கடல்தண்ணி கொட்டுதான்னு பார்ப்பாங்களாம். கொட்டலைன்னா, உறிஞ்சுற வழியில பிளாஸ்டிக் கவரோ பாசியோ அடைச்சிருக்கும். பாறை, வேற படகு இல்லாத இடமாப் பார்த்து ஆஃப் பண்ணி, நங்கூரம் போட்டுட்டுத்தான் சுத்தம் பண்ணுவாங்க.

"நீ ரோட்டுல நின்னே, நடந்து வந்துட்டே. நடுக்கடல்ல நின்னா?"ன்னார் அண்ணன்.

இருபது நாள் வண்டி ஷெட்ல. அப்பாவுக்கு லோடு இல்லை, வருமானமும் இல்லை. ஆனா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் பாஸ் ரொம்ப வலிச்சது.

இப்போ நீங்க பைக்கோ காரோ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... சாவி போட்டதும் வார்னிங் லைட் எல்லாம் எரியுதான்னு பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆயில் லைட் எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம்!

நான் தினமும் பார்க்கிறேன். அப்பா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, நான் பார்க்கிறேனான்னு பார்க்கிறார்!