தழும்புள்ள மட்டைகள்

அஞ்சல்தலை சேர்ப்பவர், ஓரத்துப் பல் ஒன்று ஒடிந்தாலும் முகம் சுளிப்பார். நாணயம் சேர்ப்பவர் தேயாத முத்திரையைத் தேடுவார். பேஸ்பால் மட்டை சேர்க்கும் அமெரிக்கர்களோ இதற்கு நேர்மாறானவர்கள். கடைசலிலிருந்து புதிதாய் இறங்கிய மட்டை அவர்களுக்கு வெறும் மரம். மெய்யான ஆட்டத்தில் பந்தோடு மோதிக் கீறலும் பிளவும் கண்ட மட்டையே செல்வம். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வாழும் என் மகனுக்கும் இந்தப் பித்து உண்டு.

அந்நகரம் மட்டைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள மட்டைத் தொழிற்சாலையின் அருங்காட்சியக வாயிலில் 120 அடி உயர எஃகு மட்டையொன்று கட்டடத்தின் மீது சாய்ந்து நிற்கிறது. உள்ளே, கையுறை அணிவித்து, பழைய ஆட்டக்காரர்கள் ஆடிய மட்டைகளை ஏந்திப் பார்க்க விடுகிறார்கள். நானும் ஏந்தினேன். மட்டையைப் படிக்கும் முறையை அப்போது மகன் சொல்லிக் கொடுத்தான். பந்தின் தையல் மரத்தில் பதிந்த தடம். கை வழுக்காதிருக்கப் பூசிய பைன் கீலின் கறுப்பு. அடிக்குமிழில் மையால் எழுதிய சட்டை எண். இவற்றோடு, தொழிற்சாலைப் பதிவேட்டிலுள்ள நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டே உண்மை துணிவர். போலித் தழும்பு செய்வோரும் உண்டல்லவா! 2001 முதல் முதல்நிலைக் கழகங்கள் சான்றாளர்களையே அமர்த்திப் பொருள்களுக்கு முத்திரை ஒட்டி வருகின்றன.

தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, பீலி அணிந்து, காவல்மனையில் மின்னுவதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஔவை ஒப்பிட்ட பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இந்த மட்டைக்காரர்கள் ஔவையின் கட்சி.

ஆனால் பணமும் புகுந்துவிட்டது. யாங்கி அரங்கம் திறந்த 1923இல் பேப் ரூத் அங்கே முதல் ஹோம் ரன் அடித்த மட்டை, 2004இல் 12,65,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதையாவது பொறுக்கலாம். 1999இல் ஒரு நிறுவனம் ரூத் ஆடிய மட்டையொன்றை வாங்கிச் சில்லுகளாக அறுத்து, ஆட்டக்காரர் பட அட்டைகளில் பதித்து வெளியிட்டது. எளியவர் கைக்கும் ஒரு சில்லு எட்டியதென்று அதை ஆதரிப்போர் உண்டு. எனக்கோ, வீணையை உடைத்து விறகாக ஊருக்குப் பங்கிட்டதுபோலவே படுகிறது.

மகன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார். கீழ்நிலைக் கழகங்களில் சில பருவங்கள் ஆடி, முதல்நிலைக்கு ஏறாமலே ஓய்ந்தவர். அவரிடம் எஞ்சியிருப்பது ஒரே மட்டை. பிடி பிளந்து, ஆணி அறைந்து, நாடா சுற்றியது. பதிவேடு இல்லை, முத்திரை இல்லை. ஏலக்காரன் திரும்பியும் பாரான். மகன் கேட்டபோது அவர் விற்க மறுத்துவிட்டார். ஆயினும் நாங்கள் போகும்போதெல்லாம் அதை எங்கள் கையில் கொடுத்து அழகு பார்ப்பார்.

அண்மைக்காலமாக அவருக்கு மறதி. காலையில் வந்தவரின் பெயர் மாலையில் நினைவில் இராது. எனினும் ஒரு தழும்பின் மேல் விரலை வைத்தால், அது எந்த ஊர், வீசியவன் யார், பந்து எங்கே போய் விழுந்தது என்பதெல்லாம் வந்துவிடுகிறது. மட்டையைக் கேட்பதை மகன் நிறுத்திவிட்டான். இப்போது குறிப்பேடும் பென்சிலுமாகப் போகிறான். இதுவரை 11 தழும்புகளை எழுதியாயிற்று. பிளவுக்கு அருகிலுள்ள இரண்டைத் தொடும்போது மட்டும் அவர் ஒன்றும் பேசுவதில்லை.